இல்லத்தின் நடைமுறைக் கோப்பு: சட்டம் மாறும்போது அதையும் மாற்றுவது எப்படி

உங்கள் குழந்தைகள் இல்லத்தில் எது நடந்தால் என்ன செய்வது என்று எழுதிவைத்த நடைமுறைக் கோப்பை எடுத்து, குழந்தைகள் உதவி எண் 1098 எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அந்த எண்ணுக்குக் கீழே யாருடைய பெயர் இருக்கிறது? முன்பு அந்தச் சேவையை நடத்திய தொண்டு நிறுவனத்தின் பெயரும் அதன் ஒருங்கிணைப்பாளரின் கைபேசி எண்ணும் இன்னும் இருந்தால், 2023-க்குப் பிறகு அந்தப் பக்கத்தை யாரும் தொடவில்லை என்று அர்த்தம். எண் அதேதான். ஆனால் அதை நடத்தும் பொறுப்பு அரசிடம் வந்து, 112 அவசர உதவியோடும் இணைக்கப்பட்டுவிட்டது. ராத்திரி ஒரு மணிக்கு இல்லத் தாய் அந்தப் பழைய கைபேசி எண்ணை அழைத்து, "நான் இப்ப அதுல இல்லம்மா" என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. அப்படி வீணாகும் நேரம் ஒரு குழந்தையின் நேரம்.

நான் மதுரை மாவட்டம் திருமங்கலம் பக்கத்தில் ஒரு பெண் குழந்தைகள் இல்லத்தில் கண்காணிப்பாளராக இருக்கிறேன். சுற்றுவட்டாரத்து இல்லங்களில் புதிதாகப் பொறுப்புக்கு வருகிறவர்கள் போன் செய்து, "அக்கா, கோப்பை எங்கேருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்பார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கோப்பு எந்த வருஷத்தில் நின்றுபோயிருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். முழுதாகப் படிக்க வேண்டியதில்லை, சில இடங்களைத் தொட்டுப் பார்த்தால் போதும். தத்தெடுப்பு ஆணையை நீதிமன்றம் வழங்கும் என்று எழுதியிருந்தால் அது 2022 செப்டம்பர் 1-க்கு முந்தைய பக்கம். இளைஞர் நீதிச் சட்டத்தில் 2021-ல் செய்த திருத்தம் அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் அந்த ஆணையை வழங்குவது மாவட்ட ஆட்சியர். அதே செப்டம்பரில் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளும் புதிதாக வந்துவிட்டன. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்துக்கான விதிகள் 2012 என்று இருந்தால் 2020 மார்ச்சுக்கு முந்தையது. காவல் நிலையத்துக்குக் கொடுக்கும் மாதிரிக் கடிதத்தில் இந்திய தண்டனைச் சட்டத்தின் (இ.பி.கோ.) பிரிவுகள் இருந்தால், புதிய குற்றவியல் சட்டங்கள் வந்த 2024 ஜூலை 1-க்கு முந்தையது. வீட்டோடு சேர்ந்து வளரும் குழந்தைக்கான ஸ்பான்சர்ஷிப் தொகை மாதம் 2,000 ரூபாய் என்று இருந்தால், மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் வழிகாட்டுதல்கள் வந்த 2022 ஜூலைக்கு முந்தையது. இப்போது அது 4,000 ரூபாய்.

இந்தக் கடைசி விஷயத்தைச் சின்னதாக நினைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைப் பார்க்க வருகிற தாய், "கூட்டிட்டுப் போகணும்னுதான் ஆசை, சோத்துக்கு என்ன பண்றது?" என்று கேட்கிறாள். கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கும், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மேல் போகாத குடும்பமாக இருந்து, அவள் விதவை, கைவிடப்பட்டவள் போன்ற வகையில் வந்தால் அந்த உதவிக்கு விண்ணப்பிக்கலாம். 2025 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 2,000 ரூபாய் வருகிறது. இதெல்லாம் தெரியாத ஒருவர் அன்றைக்கு வரவேற்பறையில் இருந்தால், அந்தப் பிள்ளை இன்னும் ஒரு வருஷம் நம்மிடமே இருக்கும். இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 3-ஆவது பிரிவே சொல்கிறது. கோப்பில் ஒரு தொகை பழசாக இருப்பது அந்தக் கொள்கையையே தோற்கடிக்கும்.

அடுத்தது, எது எதற்கு மேலே என்று தெரிந்துகொள்வது. உச்சியில் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015. போக்சோ அதற்குப் பக்கத்தில். அதற்குக் கீழே விதிகள். இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். மத்திய அரசின் மாதிரி விதிகள் 2016-ல் வந்தன, 2022-ல் திருத்தப்பட்டன. தமிழ்நாடு அரசு தனக்கென 2017-ல் விதிகள் வகுத்துவிட்டது. மாநிலம் தன் விதிகளை வகுக்கும்வரைதான் மாதிரி விதிகள் பொருந்தும் என்று 110-ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே டெல்லியிலிருந்து நடத்தும் இணையவழிப் பயிற்சியில் ஒரு படிவ எண்ணைக் காட்டினால், அதை அப்படியே கோப்பில் ஏற்றாதீர்கள். நம் மாநில விதிகளில் அதே படிவத்துக்கு என்ன எண் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். விதிகளுக்குக் கீழே அரசாணை, துறையின் சுற்றறிக்கை, மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து வரும் கடிதம். இதோடு தமிழ்நாடு பெண்கள் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்கள் முறைப்படுத்தும் சட்டம் 2014 இருக்கிறது. சட்டத்தின் பேரைச் சொல்லாமல் "ஹாஸ்டல் லைசென்ஸ்" என்று மட்டும் கோப்பில் எழுதி வைத்திருப்பார்கள். பேரோடு எழுதுங்கள்.

நீதிமன்றத் தீர்ப்புகளுக்குத் தனிப் பக்கம் வேண்டும். தமிழ்நாட்டு அனாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது பற்றி 2007-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில் 2017 மே 5-ல் தீர்ப்பு வந்தது. பதிவு, சமூகத் தணிக்கை என்று நாம் இன்று செய்கிற பலவற்றுக்கும் அது உந்துதல். தீர்ப்பை எழுதும்போது ஒரு விஷயத்தில் நிதானம் வேண்டும். 2024 ஜனவரியில், குழந்தைகளின் ஆபாசப் படத்தைத் தனியாகப் பதிவிறக்கிப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்ற பொருளில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. வாட்ஸ்அப்பில் அது பறந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இந்த இரண்டாவது செய்தி அவ்வளவு வேகமாகப் பறக்கவில்லை. யாராவது முதல் செய்தியை வைத்து ஊழியர் நடத்தை விதியைத் தளர்த்தியிருந்தால், அது எத்தனை காலம் அப்படியே கிடந்திருக்கும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. மேல்முறையீடு போகக்கூடிய தீர்ப்பு என்றால் கோப்பில் பென்சிலால் குறித்து வையுங்கள். நடைமுறையை மட்டும் மாற்றாதீர்கள்.

மாற்றம் வருவது எப்படித் தெரியும்? தானாகத் தெரியாது, தேடித்தான் போக வேண்டும். மேலாண்மைக் குழு மாதம் ஒருமுறை கூடுகிறது. அதற்கு முந்தைய நாள் காலையை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். தமிழ்நாடு அரசிதழ், மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின் தளம், தத்தெடுப்பு ஆணையத்தின் தளம், சட்டங்களைத் திருத்தத்தோடு போடும் இந்தியா கோட் தளம், இவற்றைப் பார்த்துவிட்டு, மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஒரு போன். "சார், இந்த மாசம் புதுசா ஏதும் வந்திருக்கா?" என்று கேட்டால் சொல்வார்கள். அவர்களுக்கும் வேலைப் பளு, அவர்களே கூப்பிட்டுச் சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் வருகிற படத்தை நம்பி எதையும் மாற்றாதீர்கள். அரசாணை எண், தேதி, துறை மூன்றும் தெரிந்து, மூல ஆணையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பேனாவை எடுக்க வேண்டும்.

கோப்பின் முதல் பக்கத்தில் ஒரு மாற்றக் குறிப்பேடு வையுங்கள். எந்தத் தேதியில் எந்த ஆணையால் எந்தப் பக்கம் மாறியது, யார் யாருக்குச் சொல்லப்பட்டது, அவர்கள் கையெழுத்து. மாற்றம் ஏதும் இல்லாத மாதத்திலும் "பார்த்தேன், மாற்றம் இல்லை" என்று எழுதித் தேதி போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வுக் குழு வரும்போது, அழகாக அட்டை போட்ட புத்தகத்தைவிட இந்த ஒரு பக்கத்தைத்தான் நான் முதலில் நீட்டுவேன்.

குற்றவியல் சட்டங்கள் மாறியதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதல் தகவல் அறிக்கை பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 154-ஆவது பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 173. நீதித்துறை நடுவர் முன் குழந்தை கொடுக்கும் வாக்குமூலம் 164-லிருந்து 183 ஆகிவிட்டது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையைக் கைவிடுவது இ.பி.கோ. 317-ஆக இருந்தது, பாரதிய நியாய சன்ஹிதாவில் 93. இதில் கவனிக்க வேண்டியது, சம்பவம் நடந்த தேதி. 2024 ஜூலை 1-க்கு முன்னால் நடந்ததை ஒரு பிள்ளை இன்றைக்குச் சொன்னால், குற்றம் பழைய சட்டத்தில்தான் வரும். அதனால் பழைய பிரிவுகளை அழித்துவிடாமல் இரண்டு வரிசையாகப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இல்லத் தாய்க்கு இந்த எண்கள் எதுவும் வேண்டாம். அவர் புகாரில் நடந்ததைச் சொன்னால் போதும், பிரிவு போடுவது காவல்துறையின் வேலை.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கோப்பு அலுவலக அலமாரியில் இருக்கும். குழந்தையோடு ராத்திரியில் இருப்பது இல்லத் தாய். சட்டத்தில் வந்த மாற்றம் அவர் கைக்குப் போய்ச் சேராதவரை அந்த இல்லத்தில் எதுவும் மாறவில்லை. எங்களிடம் இருக்கும் ஓர் இல்லத் தாய் உசிலம்பட்டிப் பக்கம், எட்டாவதுவரை படித்தவர். எந்தப் புது நடைமுறையை எழுதினாலும் முதலில் அவரிடம் உட்கார்ந்து சத்தமாக வாசிக்கிறேன். போக்சோ பக்கத்தில் பழைய வாசகம் ஒன்று இருந்தது: "பாதிக்கப்பட்ட குழந்தையின் நலன் கருதி உரிய நடவடிக்கை உடனடியாக மேற்கொள்ளப்பட வேண்டும்." அவர் கேட்டார், "அது என்னங்க மேடம் உரிய நடவடிக்கை? போன் பண்ணணுமா வேணாமா, அதச் சொல்லுங்க." அந்தப் பக்கம் முழுவதையும் அவர் கேள்வியை வைத்தே திரும்ப எழுதினோம்.

இப்போது எங்கள் இரவுப் பணி அறையில் ஒட்டியிருக்கும் தாள் இப்படிப் போகிறது. பிள்ளை ஏதாவது சொன்னால் உட்கார்ந்து கேளுங்கள். "ஏன் முன்னாடியே சொல்லல?" என்று கேட்காதீர்கள். "யார்ட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் பண்ணாதீர்கள். "நீ சொன்னது நல்லது, நான் உன்கூட இருக்கேன்" என்று சொல்லுங்கள். குளிக்க வைக்காதீர்கள், உடுப்பைத் துவைக்காதீர்கள். கண்காணிப்பாளரைக் கூப்பிடுங்கள். அவர் போன் எடுக்காவிட்டாலோ, பிள்ளை சொல்வது கண்காணிப்பாளரைப் பற்றியோ நிர்வாகியைப் பற்றியோ என்றாலோ, யாரையும் கேட்காமல் அனைத்து மகளிர் காவல் நிலையத்தையும் 1098-ஐயும் நீங்களே கூப்பிடுங்கள். வலி, ரத்தம் என்றால் 108-ல் பெரியாஸ்பத்திரிக்கு. போலீஸ் கடிதம் கொண்டுவா என்று அங்கே யாராவது கேட்டால், அவசர சிகிச்சைக்கு எந்தக் காகிதமும் தேவையில்லை என்று போக்சோ விதிகள் 2020 சொல்கிறது, இந்தத் தாளைக் காட்டுங்கள். பிள்ளையை ராத்திரியில் காவல் நிலையத்தில் வைத்திருக்க அனுமதிக்காதீர்கள். சீருடையில் வந்து வாக்குமூலம் கேட்டால், சீருடை இல்லாமல்தான் கேட்க வேண்டும் என்று இந்தத் தாளைக் காட்டிச் சொல்லுங்கள். எல்லாம் முடிந்ததும், பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே நேரம் போட்டு எழுதிவையுங்கள்.

"நிர்வாகியைப் பற்றி என்றால்" என்ற வரியைச் சேர்க்கும்போது நிர்வாகக் குழுவில் முகம் சுளித்தவர்கள் உண்டு. உங்கள் இல்லத்திலும் சுளிப்பார்கள். விடாதீர்கள். முதலில் நாமே உள்ளுக்குள் விசாரித்துவிட்டு, உண்மை என்று தெரிந்த பிறகு போலீசுக்குப் போகலாம் என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. தெரிந்தும் தெரிவிக்காமல் இருந்தால் ஆறு மாதம்வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டுவரை சிறையும் அபராதமும் என்று போக்சோ 21-ஆவது பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவைக் கூட்டத்தில் வாசித்தால் பேச்சு அடங்கிவிடும்.

புதிய தாளை ஒட்டுவதைவிடக் கஷ்டமான வேலை பழையதை எடுப்பது. சுவரில் ஒன்று இருக்கும், சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒன்று, காவலாளி அண்ணனின் சட்டைப்பையில் மடித்த சீட்டு ஒன்று, எல்லார் கைபேசியிலும் போட்டோவாக ஒன்று. சிம்மக்கல் பக்கம் அச்சகத்தில் ஆயிரக்கணக்கில் படிவம் அடித்து வைத்திருந்தால் அது தீரும்வரை யாரும் புதிய படிவத்துக்கு மாற மாட்டார்கள், காசு வீணாகுமே என்று. எனவே மொத்தமாக அச்சடிக்காதீர்கள், தேவைக்கு அச்சிட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தாளின் கீழ் ஓரத்திலும் பதிப்புத் தேதி இருக்கட்டும். புதுத் தாள் கொடுக்கும்போது பழையதைக் கையில் வாங்கிக்கொண்டுதான் கொடுக்க வேண்டும்.

சட்டம் அப்படியே இருக்க, ஊர் மாறிவிடுவதும் உண்டு. குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்ற இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு 2016-லிருந்து அப்படியேதான் இருக்கிறது. அன்று பத்திரிகைக்காரர்களை நினைத்து நடைமுறை எழுதினோம். இன்று பிறந்தநாள், திருமண நாள் என்று மதியச் சாப்பாடு போட வருகிற குடும்பம் பந்தி பரிமாறுவதை ரீல்ஸ் எடுத்து, இல்லத்தின் பேரோடு போட்டுவிடுகிறது. நல்ல மனசோடு வருகிறவர்கள், அவர்களிடம் கடுமையாகப் பேச நமக்கும் சங்கடம். அதனால் முன்பதிவு செய்யும்போதே ஒரு சீட்டில் கையெழுத்து வாங்கிவிடுங்கள், வாசலிலேயே கைபேசிகளை ஒரு தட்டில் வைக்கச் சொல்லுங்கள். "உங்க வீட்டுப் பிள்ளைன்னா போடுவீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் மதுரைக்காரர்கள் புரிந்துகொள்வார்கள்.

சித்திரைத் திருவிழாவும் அப்படித்தான். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் பிள்ளைகளுக்கு ஆசை, கூட்டிப்போகத்தான் வேண்டும். பங்குனி முடிவதற்குள் காணாமல் போன குழந்தைக்கான தாளை எடுத்துப் பார்த்துவிடுங்கள். காணாமல் போனதாகப் புகார் வந்தால் உடனே முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "கொஞ்ச நேரம் தேடிப் பாத்துட்டு வாங்க" என்று யாராவது சொன்னால் அதைக் காட்டிக் கேட்பது நம் கடமை. யார் எந்தப் பிள்ளைகளோடு, பிரிந்தால் எங்கே கூடுவது, சமீபத்திய போட்டோ யார் கையில் என்பதை எழுதிவையுங்கள்.

வருகை, வெளியேற்றம், இறப்புப் பதிவேடுகளின் நடைமுறையை நான் தனியாக, அடிக்கடி பார்க்கிறேன். 2021-ல் மதுரையில் ஓர் இல்லத்தில், குழந்தை கொரோனாவில் இறந்துவிட்டதாகப் போலி ஆவணம் காட்டி விற்றதாக வழக்கு வந்தது இங்கே எல்லாருக்கும் நினைவிருக்கும். அதன்பிறகு யார் நம்மைச் சந்தேகமாகப் பார்த்தாலும் வருத்தப்பட உரிமையில்லை. ஒரு குழந்தை வந்தால் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள், பராமரிப்பு தேவைப்படும் குழந்தையைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு யார் கூட்டிப் போனார் என்பது இல்லப் பதிவேட்டிலும் மிஷன் வாத்சல்யா தளத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். சட்டத் திருத்தம் எதுவும் வராவிட்டாலும் இந்த இரண்டையும் மாதாமாதம் ஒப்பிட்டுப் பாருங்கள். அதோடு இளைஞர் நீதிச் சட்டத்தின் 41-ஆவது பிரிவின்படி எடுத்த பதிவுச் சான்றிதழின் தேதியையும் பாருங்கள், அது ஐந்து ஆண்டுக்குத்தான். ஊழியர்களின் காவல்துறைச் சரிபார்ப்பும் வேலைக்குச் சேரும்போது ஒருமுறை செய்தால் போதாது, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்று போக்சோ விதிகள் 2020-ல் வந்துவிட்டது. டிரைவர், சமையல்காரர், ஞாயிறு தோறும் பாட்டுச் சொல்லிக்கொடுக்க வருகிறவர் எல்லாரும் இதில் அடக்கம்.

பிள்ளைகளிடமும் கேளுங்கள். வயதுவாரியாகக் குழந்தைகள் குழு இருக்கிறதே, ஒரு நடைமுறை மாறினால் அங்கே வாசியுங்கள். புகார்ப் பெட்டி பற்றி எங்கள் நடைமுறை ஒரு பக்கம் இருந்தது. பெட்டியின் சாவி மேலாண்மைக் குழுத் தலைவரிடம், வாரம் ஒருமுறை குழந்தைகள் முன்னிலையில் திறப்பது, எல்லாம் சரியாகவே எழுதியிருந்தது. பதினாலு வயசுப் பெண் ஒருத்தி சொன்னாள்: "பெட்டி ஆபீஸ் வாசல்ல இருக்கு. யாரு போடுறான்னு எல்லாருக்கும் தெரியும்மா." மறுநாளே பெட்டியைக் குளியலறைக்குப் போகிற வழியில் மாட்டினோம். எந்த அரசாணையும் இதைச் சொல்லவில்லை, ஆனால் எங்கள் கோப்பில் இப்போது பெட்டி இருக்க வேண்டிய இடமும் எழுதியிருக்கிறது.

பழைய பதிப்புகளைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். 2022 ஆகஸ்டில் நடந்த ஒன்றைப் பற்றி இன்றைக்கு விசாரணை வந்தால், அன்று இல்லத்தில் எந்த நடைமுறை இருந்தது என்றுதான் கேட்பார்கள். ஒவ்வொன்றின் மேலும் "வழக்கொழிந்தது" என்று முத்திரை குத்தி, எந்தத் தேதிவரை இருந்தது என்று எழுதி, ஆண்டுவாரியாகக் கட்டிப் பூட்டிவையுங்கள். கட்டுவதற்கு முன் ஒவ்வொரு தாளையும் புரட்டிப் பாருங்கள். மாதிரிக்காக நிரப்பிக் காட்டிய படிவங்களில் உண்மையான ஒரு பிள்ளையின் பெயரும் பள்ளியும் இருந்துவிட வாய்ப்புண்டு. அப்படி இருந்தால் அந்தத் தாளைத் தனியே எடுத்து, அந்தப் பிள்ளையின் கோப்பிலேயே சேர்த்துவிடுங்கள்.